ஆறு இலக்க எண் சம்மதம் ஆகுமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் வடசென்னைக் கடலோரத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி அரசுத் துறைகளிடமும் வங்கிகளிடமும் வேலை கொடுப்போரிடமும் சேர்ந்திருக்கும் விவரங்களை ஒரே இடத்தில் திரட்டினால், அக்குடும்பத்தின் வருமானம், உடல்நிலை, கடன், நடமாட்டம் அனைத்தும் அதில் அடங்கிவிடும். குடும்ப அட்டையோடு இணைக்கப்பட்ட ஆதார் எண்கள், கருவுற்ற பெண்ணுக்குச் சுகாதாரத் துறை வழங்கும் பிக்மி எண், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காகக் கொடுத்த வங்கிக் கணக்கு, 2008-ஆம் ஆண்டின் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடல் மீனவர்களுக்கென வந்த பயோமெட்ரிக் அடையாள அட்டை, துறைமுக வாயிலில் காட்டும் நுழைவுச் சீட்டு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளியாகப் பதிந்த விவரம் என ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, பெரும்பாலும் வரிசையில் நின்று கொடுக்கப்பட்டவை. கொடுத்தவரின் சம்மதத்தோடு பெறப்பட்டவை என்றே இவற்றில் பலவற்றின் பதிவேடுகள் சொல்கின்றன. அந்தச் சம்மதம் எத்தகையது, அதைக் கேட்டவருக்கும் பதிந்துகொண்ட இயந்திரத்துக்கும் அது என்னவாகப் புரிந்தது என்பது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில் தள்ளிப்போட முடியாத கேள்வியாகிவிட்டது.

தன்னைப் பற்றிய விவரத்தை இன்னொருவர் பயன்படுத்த ஒருவர் உடன்படும்போது, எந்த விவரம் போகிறது, எதற்காகப் போகிறது, யார் கைக்குப் போகிறது, எத்தனை காலம் அங்கே இருக்கும், கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றைத் தெரிந்துகொண்டு, அச்சமும் கட்டாயமும் இன்றி உடன்படுவதே அறிந்து தரும் சம்மதம் எனப்படுகிறது. இக்கருத்து கணினியிலிருந்து பிறந்ததன்று, மருத்துவத்திலிருந்து வந்தது. நாஜி மருத்துவர்களின் குற்றங்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947-இல் வகுத்த நெறிகளில் முதல் நெறியே, மனிதரை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் அவரது தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பதாகும். இந்திய உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தந்த தீர்ப்பொன்று இதே நெறியை இன்னும் துல்லியமாக்கியது. நோயறிவதற்கான லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு மட்டும் சம்மதம் தந்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று மருத்துவர் அகற்றிவிட்ட வழக்கு அது. ஒன்றுக்குத் தந்த சம்மதத்தை மற்றொன்றுக்கு நீட்ட முடியாது என்றும், முடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்தவருக்காக, அவசர உயிராபத்து இல்லாத நிலையில், இன்னொருவர் சம்மதம் தர முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. தரவுக்கும் இவ்விரண்டு விதிகளே போதும். இன்று நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றை மீறுபவையே.

தகவல் தனியுரிமை அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்பதை 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒருமனதாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கு இடமின்றியும், தெளிவான ஒரு செயலின் மூலம் தரப்பட வேண்டும் என்கிறது. ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் விரும்பிய ஒன்றிலோ அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். முறையான அறிவிப்பும் சம்மதமும் இருந்தன என்று வழக்கு வந்தால் மெய்ப்பிக்கும் பொறுப்பு, தரவைப் பெற்ற நிறுவனத்தையே சேரும். காகிதத்தில் இது வலுவான சட்டம்.

ஆனால் வடசென்னையில் சம்மதம் என்பது நடைமுறையில் ஆறு இலக்க எண்ணாகவோ விரல் ரேகையாகவோதான் இருக்கிறது.

ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல், அதைத் தட்டச்சு செய்தவரின் கையில் அல்லது காதில் அந்த நேரத்தில் குறிப்பிட்ட கைப்பேசிக்கு வந்த செய்தி எட்டியது என்பதை மட்டும் மெய்ப்பிக்கிறது. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது கணவரோடு படகிலோ மகனோடு கண்டெய்னர் முனையத்திலோ இருக்கும்; ஆதாரோடு இணைந்த எண் அதுவாக இருந்தால், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி போன் போட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லு" என்று கேட்டு வாங்கி, எதிரே இருப்பவரிடம் சொல்கிறார். யாருடைய விவரம் போகிறதோ அவர் மையத்தில் பேசவில்லை. பேசியவர் செய்தியைப் படிக்கவில்லை. திரையிலிருந்த "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற பெட்டியில் குறியிட்டவரோ இருவருமில்லை, மையத்தின் ஊழியர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். ஆயினும் தரவுத்தளத்தில் அது உரியவரே அறிந்து தந்த சம்மதமாகப் பதிவாகிறது. அடையாளத்தைச் சரிபார்க்கும் கருவியைச் சம்மதத்தின் சான்றாகக் கொள்வதே இங்குள்ள அடிப்படைப் பிழை.

இந்தப் பிழை அரசியல் களத்திலும் வழக்காக வந்தது. தமிழ்நாட்டில் அப்போது ஆளுங்கட்சியாக இருந்த கட்சியின் உறுப்பினர் சேர்க்கை இயக்கத்தில் வீடு வீடாகச் சென்று கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்த்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜூலையில் அந்த ஓடிபி நடைமுறைக்கு இடைக்காலத் தடை விதித்தது; தடையை எதிர்த்த மேல்முறையீட்டை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆதார் விவரங்கள் எதையும் கேட்கவில்லை என்பது கட்சியின் வாதம். இவ்வழக்கின் பயன் எந்தக் கட்சியின் வெற்றி தோல்வியிலும் இல்லை. அரசுத் திட்டமா, கட்சிப் பணியா, வங்கிச் சேவையா என்று பிரித்தறிய இடம் தராமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஆறு இலக்கத்தைக் கேட்கப் பழக்கிவிட்டோம் என்பதை அது பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புகின்றன; அதே ஓடிபியைச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று கவுன்ட்டர்கள் கேட்கின்றன. மோசடிக்காரருக்கு இதைவிட வசதியான சூழல் தேவையில்லை.

விரல் ரேகையின் நிலை இதைவிடக் கடினமானது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமப்பவர், மீன் வெட்டி விற்கும் பெண், திருவொற்றியூர் ஆலைகளில் இரும்பும் ரசாயனமும் கையாள்பவர் ஆகியோரின் ரேகைகள் தேய்ந்துபோகின்றன. நியாயவிலைக் கடையின் பிஓஎஸ் கருவியில் கட்டைவிரல் வைத்து, "ரேகை விழல" என்றதும் புடவை முந்தானையில் துடைத்து அடுத்த விரல் வைத்து, பத்து விரலும் முடிந்தபின் வீட்டிலிருக்கும் வேறொருவரை அழைத்து வருவது இங்கு அன்றாடக் காட்சி. ஆதார் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ரேகையைச் சரிபார்க்கும் எந்த அமைப்பும் முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும் என்பதோடு, எந்தத் தகவல் பகிரப்படும், அது எதற்குப் பயன்படும், அதைத் தராமலே சேவை பெற வேறு வழி என்ன என்ற மூன்றையும் சொல்ல வேண்டும் என்கிறது. வேறு வழிகள் தமிழ்நாட்டில் இல்லாமலும் இல்லை: கருவிழிச் சரிபார்ப்பு வந்திருக்கிறது, நடமாட முடியாத முதியோருக்காக இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று முறை இருக்கிறது. பொருள்களின் விலையும் இருப்பும் எழுதிய கரும்பலகைக்குப் பக்கத்தில் இந்த மூன்று தகவல்களையும் எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது. மறுக்க வழியுண்டு என்று தெரியாதவர் தரும் சம்மதம், சம்மதம் என்ற பெயருக்கே உரியதன்று.

சொல்லாமல் நோக்கத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் நிகழ்வு சான்று. கைப்பேசி எண்ணை ஆதாரோடு இணைக்க விரல் வைத்த ஏர்டெல் வாடிக்கையாளர் பலருக்கு, அவர்கள் அறியாமலே அந்நிறுவனத்தின் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அக்கணக்குக்குத் திரும்பிவிட்டது. மானியம் வரவில்லை என்று வங்கிக்கு அலைந்தவர்களுக்கு அது எங்கே போனது என்பது தெரியவே காலம் பிடித்தது. ஆதார் ஆணையம் அவ்வாண்டு டிசம்பரில் அவ்விரு நிறுவனங்களின் ஆதார் சரிபார்ப்பு உரிமையைத் தற்காலிகமாக நிறுத்தியது. பணம் பழைய கணக்குகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. விரல் வைத்தது உண்மை, ரேகை பொருந்தியதும் உண்மை. சம்மதம் மட்டும் இல்லை.

சம்மதம் கேட்காத அரசு

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வடசென்னை மக்களை மற்ற எந்தப் பிரிவையும்விட அதிகமாகத் தொடுகிறது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. மானியம், உதவித்தொகை, சான்றிதழ், உரிமம் போன்றவற்றை வழங்குவதற்காக, ஒருவர் முன்பு வேறொரு உதவிக்குச் சம்மதித்துத் தந்த தரவையோ, அரசு அறிவிக்கை செய்த தரவுத்தளங்களில் ஏற்கெனவே இருக்கும் தரவையோ புதிய சம்மதம் இன்றியே அரசு பயன்படுத்தலாம் என்கிறது அப்பிரிவு. பேரிடர், தொற்றுநோய், வேலை தொடர்பான சில தேவைகள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. அரிசிக்கும் உதவித்தொகைக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நிற்பவர்களின் தரவில் பெரும்பகுதி இந்த விலக்குக்குள் வந்துவிடுகிறது. புயல் வந்த மறுநாள் ஒவ்வொருவரிடமும் படிவம் நீட்டிக் கையெழுத்துக் கேட்க முடியாது என்பதால் விலக்கின் தேவையை மறுக்க இயலாது. ஆனால் சம்மதம் தேவையில்லை என்பது சொல்லவும் தேவையில்லை என்று பொருள்படாது. இச்சட்டத்துக்கென 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின் இரண்டாம் அட்டவணை, இவ்வாறு தரவைக் கையாளும் அரசு அமைப்பு, தேவையான அளவுக்கு மட்டும் எடுப்பது, தேவை முடிந்தபின் வைத்திருக்காமல் இருப்பது ஆகிய வரம்புகளுக்கு உட்படுவதோடு, உரியவருக்குத் தகவல் தெரிவித்து, கேள்வி கேட்க ஒரு தொடர்பையும் தர வேண்டும் என்கிறது. இந்த ஒரு வரி ஒழுங்காக நடைமுறைக்கு வந்தாலே வடசென்னையில் பெரிய மாற்றம் நிகழும்.

படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர் இதற்கு நல்ல சோதனைக் களம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தென்கடலில் மீனவர்களைப் பலிகொண்டபோது, ஆழ்கடலில் இருப்பவருக்கு எச்சரிக்கை அனுப்பவும் அவர் இருக்குமிடம் அறியவும் வழியில்லாததே இழப்பைப் பெருக்கியது. அதன்பின் வலுத்த கோரிக்கைகளின் விளைவாக, இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பும் இக்கருவியை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் நாடளாவிய திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உயிர்காக்கும் கருவி என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் படகு எங்கே இருக்கிறது என்ற அதே தகவல், எல்லை தாண்டினாரா, தடைக்காலத்தில் கடலுக்குப் போனாரா, எந்த இடத்தில் வலை விட்டார் என்ற கேள்விகளுக்கும் விடை சொல்லும். நல்ல மீன் கிடைக்கும் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களின் இருப்பிடத்தைப் பக்கத்துப் படகுக்காரரிடம்கூடச் சொல்லாத தொழில் இது. ஜிபிஎஸ் கருவியில் சேமித்த அந்தப் புள்ளிகள்தாம் ஒரு படகோட்டியின் வாழ்நாள் சம்பாத்தியம். மீட்புக்கு மட்டும் என்று நம்பிக் கொடுத்த இருப்பிடம் பிற துறைகளுக்குப் போகுமா, எத்தனை நாள் சேமிக்கப்படும், மொத்தத் தரவிலிருந்து மீன்வள வரைபடம் தயாரித்தால் அது யாருக்குக் கிடைக்கும் என்பவற்றை மீன்வளத் துறை மீனவர் சங்கங்களிடம் எழுத்தில் சொல்வது கருவியின் மீதான நம்பிக்கையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. நம்பாதவர் கடலில் கருவியை அணைத்துவிடுவார். அணைத்த கருவி புயலில் உதவாது.

எண்ணூரில் கேள்வி வேறு திசையில் திரும்புகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளியேறிய எண்ணெய், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் மக்களின் படகுகளிலும் வலைகளிலும் தோலிலும் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறலோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். நிவாரணப் பட்டியலுக்காகவும் மருத்துவ முகாம்களிலும் இம்மக்களின் விவரங்கள் எழுதப்பட்டன. இங்கே தரவைப் பூட்டி வைப்பது தீர்வாகாது. இருமலும் தோல் நோயும் எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு என்ற கணக்குத்தான் மாசுக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வைக்கக்கூடிய சான்று. அதே கணக்கு பெயரோடு வெளியேறினால் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்தவும், ஒப்பந்தக்காரர் நுரையீரல் பலவீனமானவர் என்று வேலை மறுக்கவும் இடம் தரும். ஆகவே அறிந்து தரும் சம்மதம் என்பது மறுக்கும் உரிமை மட்டுமன்று. இதற்குப் பயன்படுத்து, இதற்கு வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரமும் ஆகும். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கும் படிவம் அந்த அதிகாரத்தைப் பறிக்கிறது.

இயந்திரத்துக்குப் புரியும் சம்மதம்

இவ்வாறு பிரித்துத் தந்த சம்மதத்தை மனிதர் நினைவில் வைத்துக் காப்பது இயலாது. அதனை இயந்திரம் படித்து நடக்கும் வடிவில் எழுத வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் விதிகள் வகுத்து, 2021 செப்டம்பரில் பயன்பாட்டுக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை, அதாவது ஒரு வங்கியிலுள்ள கணக்கு விவரத்தை வாடிக்கையாளர் சொல்லும் மற்றொரு நிறுவனத்துக்குக் கொண்டுசேர்க்கும் இடைநிலை முறை, இதை ஓரளவு செய்து காட்டியிருக்கிறது. அதில் சம்மதம் என்பது வெறும் டிக் குறியன்று. யாருடையது, எந்தத் தகவல், என்ன நோக்கம், யாருக்கு, பார்க்க மட்டுமா சேமிக்கவுமா, ஒருமுறையா அடிக்கடியா, எந்தத் தேதியோடு முடியும் என்ற கட்டங்கள் கொண்ட, டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆவணம். தேதி முடிந்தால் இயந்திரம் தகவலை விடாது. சம்மதம் திரும்பப் பெறப்பட்டால் அடுத்த கோரிக்கை நிராகரிக்கப்படும். இடையில் கொண்டுசெல்பவரால் தகவலைப் படிக்கவும் முடியாது. சம்மதப் பதிவின் கட்டமைப்பைப் பற்றிப் பன்னாட்டுத் தரநிலை அமைப்பு 2023-இல் தனி ஆவணமே வெளியிட்டிருக்கிறது. புதிய சட்டமும், ஒருவர் தந்த சம்மதங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்கவும் நீக்கவும் உதவும், தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் பதிவுபெற்ற சம்மத மேலாளர் என்ற அமைப்புக்கு இடமளித்திருக்கிறது.

ஆனால் இயந்திரத்தின் புரிதலுக்கு ஒரு எல்லை உண்டு. சம்மத ஆவணத்தில் நோக்கம் என்ற கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று அதனால் பார்க்க முடியும். அந்த நோக்கம் கொடுத்தவருக்குப் புரிந்ததா என்று பார்க்க முடியாது. தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஓர் அமெரிக்கர் உண்மையிலேயே படிப்பதானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 244 மணி நேரம் ஆகும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டனர். ஆகவே இன்னும் நீளமான அறிவிப்பைத் தமிழில் மொழிபெயர்த்துத் தருவதால் பயன் விளையாது. மருத்துவ ஆய்வுகளில், விளக்கம் கேட்டவரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்து, சொல்ல முடியாவிட்டால் விளக்கியவர்தான் மறுபடி முயல வேண்டும் என்ற நல்ல வழக்கம் உண்டு. அதே வழக்கத்தைக் கருவிக்குள் கொண்டுவரத் தொழில்நுட்பம் இன்று தடையில்லை: பிஓஎஸ் கருவியோ கைப்பேசிச் செயலியோ பேச்சுத் தமிழில் இரண்டு வாக்கியங்களை வாசித்து, இந்த விவரம் யாருக்குப் போகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்கலாம். உரியவர் தொட்டாரா, ஊழியர் தொட்டாரா என்பதையும் பதிவு செய்யலாம். உதவியோடு தந்த சம்மதம் என்ற தனிக் கட்டம் இருந்தால், அத்தகைய பதிவை மறுபடி உறுதிசெய்யும்வரை வேறு நோக்கத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று இயந்திரத்துக்கே கட்டளையிட முடியும்.

கடன் செயலிகள் இக்கட்டளையின் அவசியத்தை வலியோடு கற்றுத் தந்தவை. ஊரடங்கின்போது உடனடிக் கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவினருக்கும் முதலாளிக்கும் அவதூறுச் செய்திகள் அனுப்பின. சென்னைக் காவல்துறை 2021 ஜனவரியில் இவ்வழக்குகளில் சீன நாட்டவர் உள்ளிட்டோரைக் கைது செய்தது. பட்டியலை எடுக்க அனுமதி தந்தது கடன் வாங்கியவர். அதில் இருந்தவர்களோ எதற்கும் சம்மதிக்காதவர்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடவே கூடாது என்று விதித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் தன் எடுத்துக்காட்டு ஒன்றில், தொலைமருத்துவச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டு, பயனர் சரி என்றே சொல்லியிருந்தாலும், மருத்துவச் சேவைக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது என்று தெளிவாக்குகிறது. தேவைக்கு மிஞ்சிய சம்மதம் செல்லாது என்ற இவ்விதி சாதாரண மக்களுக்கு இச்சட்டம் தந்த மிகச் சிறந்த பாதுகாப்பு. அதைச் செயல்படுத்த வேண்டிய இடம் நீதிமன்றம் மட்டுமன்று, செயலியின் நிரலும்தான்.

2025 நவம்பர் அறிவிக்கையின்படி விதிகளின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அது 2027 மே மாதத்தோடு முடிகிறது. உணவுத் துறையும் மீன்வளத் துறையும் சுகாதாரத் துறையும் அதுவரை காத்திராமல், தாம் எந்த விவரத்தை எதற்காக வைத்திருக்கிறோம், யாருக்குத் தருகிறோம், கேள்வி இருந்தால் எந்த எண்ணில் கேட்கலாம் என்பவற்றை ஒவ்வொரு நியாயவிலைக் கடையிலும், இ-சேவை மையத்திலும், காசிமேட்டு ஏலக்கூடத்திலும், எண்ணூர்க் குப்பங்களின் மீனவர் சங்கங்களிலும் எளிய தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கவுன்ட்டரில் ஓடிபி கேட்கப்படும்போது "எதுக்கு?" என்று கேட்பதற்குப் பொதுமக்கள் தயங்க வேண்டியதில்லை, அந்தக் கேள்விக்கு விடை சொல்வது ஊழியரின் சலுகை அன்று, சட்டம் அவர் சார்ந்த அமைப்பின் மீது சுமத்தியிருக்கும் கடமை.